ஆல்ப்ஸ் மலையேறும் அறுபது வயதுக் கார்

1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ஜாகுவார் நிறுவனம் தன் புதிய 'ஈ-டைப்' ஸ்போர்ட்ஸ் காரைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகம் செய்தது. அதற்கான கார் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்து சாலை வழியாகவே ஓட்டி வரப்பட்டிருந்தது. அதில் ஏறிப் பார்க்க விரும்பியோரின் எண்ணிக்கை ஒரே காரால் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகவே, இன்னொரு காரை உடனே அனுப்புமாறு தலைமையகத்துக்குச் செய்தி சென்றது. நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் அன்று மாலையே கோவென்ட்ரியிலிருந்து புறப்பட்டார். கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இரவெல்லாம் ஓட்டி மறுநாள் காலை ஜெனீவாவை அடைந்தார். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த அந்தக் கார், ஓய்வின்றி உடனே செயல்விளக்க ஓட்டத்தில் இறங்கியது.

இந்நிகழ்ச்சி மோட்டார் உலகில் இன்றும் வியந்து பேசப்படுகிறது. அந்தக் கார் எதற்காகப் பிறந்தது என்பதை எந்த விளம்பரத்தையும் விடத் தெளிவாக அந்த ஓர் இரவு எடுத்துக் காட்டியது. இருவர் அமர்ந்து, சிறிது பயணப் பொதியோடு, ஒரு நாட்டில் புறப்பட்டு மற்றொரு நாட்டில் இறங்குவதற்கான ஊர்தி அது. இத்தாலியர் இதனைக் 'கிரான் டூரிஸ்மோ', அதாவது 'பெரும் பயணம்' என்றனர். இன்று பல கார்களின் பின்புறத்தில் நாம் காணும் 'ஜி.டி.' என்னும் இரண்டு எழுத்துகள் அச்சொல்லின் சுருக்கமே.

ஈ-டைப்பின் வடிவத்தை அமைத்த மால்கம் சேயர், விமானத் தொழிலில் பணியாற்றியவர். காற்றைக் கிழித்துச் செல்லும் நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர்களும் 3.8 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் என்னும் அறிவிப்பு ஆகிய அனைத்தும் ஏறத்தாழ 2,100 பவுண்டு விலைக்குக் கிடைத்தன. அந்நாளில் அத்தகைய வேகத்துக்குப் பிற நிறுவனங்கள் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. 1970-களின் நடுப்பகுதியில் உற்பத்தி நிற்பதற்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. கோடை வந்தால் ஐரோப்பாவின் மலைச் சாலைகளில் ஈ-டைப்பையும், அதன் சமகாலத்து எம்.ஜி., ஆல்ஃபா ரோமியோ, போர்ஷே கார்களையும் காணலாம்.

பெட்டகமா, சாலையா?

பழைய காரின் மதிப்பு உயர உயர, அதன் உரிமையாளர் முன் ஒரு கேள்வி எழுகிறது: இதனை ஓட்டுவதா, பூட்டி வைப்பதா? இக்கேள்வியின் இரு முனைகளையும் ஒரே மாதிரிக் கார் ஒன்றின் வரலாற்றில் காணலாம்.

1955-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் '300 எஸ்.எல்.ஆர்.' என்னும் பந்தயக் காரைக் களமிறக்கியது. அவ்வாண்டு இத்தாலியின் பிரேஷா நகரிலிருந்து ரோம் சென்று மீளும் 'மில்லே மில்யா' என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தில், ஸ்டர்லிங் மாஸ் அதனை ஓட்டினார். அருகில் வழிகாட்டியாக அமர்ந்த டெனிஸ் ஜென்கின்சன், வழியிலுள்ள வளைவுகள், மேடுகள் அனைத்தையும் முன்கூட்டியே குறித்து, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான காகிதச் சுருளாகக் கையில் வைத்திருந்தார். எஞ்சினின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் கைச்சாடையாலேயே வழி சொன்னார். பொதுச் சாலைகளில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் கடந்தனர். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர். காரின் எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்டதால் வந்த எண் அது.

அதே மாதிரியில் கூரையுடன் கட்டப்பட்டவை இரண்டே கார்கள். அவற்றுள் ஒன்று 2022 மே மாதத்தில் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதுவரை உலகில் எந்தக் காருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. கிடைத்த தொகையை மாணவர் உதவித்தொகைக்கான நிதியமாக மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. இத்தகைய விலையைக் கேட்கும்போது, காரைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் கார் தங்கத்தைப் போன்றதன்று. தங்கம் பெட்டகத்தில் ஐம்பது ஆண்டுகள் கிடந்தாலும் தங்கமாகவே இருக்கும். ஓடாத காரோ நின்ற இடத்திலேயே தேய்கிறது. எண்ணெய் படாத ரப்பர் அடைப்புகள் காய்ந்து வெடிக்கின்றன. தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குழாய்களை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. ஒரே இடத்தில் அழுந்திய டயர் தன் வட்டத்தை இழக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நெடுந்தொலைவு ஓடி, எஞ்சின் முழுமையாகச் சூடேறி, ஒவ்வொரு பாகமும் தன் வேலையைச் செய்யும் காரே நெடுநாள் வாழ்கிறது. பழைய கார்களைப் பேணுவோர் நெடும்பயணத்தை விரும்புவதற்குக் களிப்பு மட்டும் காரணமன்று என்பது இதனால் விளங்கும்.

கோவென்ட்ரியிலிருந்து ஆல்ப்ஸ் வரை

அந்த 1961-ஆம் ஆண்டுப் பயணத்தின் திசையிலேயே இன்று நாமும் செல்வதாகக் கொள்வோம். ஓர் இரவில் முடிக்க வேண்டிய அவசரம் நமக்கில்லை. நாளொன்றுக்கு 250 முதல் 300 கிலோமீட்டர் போதுமானது. அறுபது வயதுக் காருக்கும் அது ஏற்றது; அதற்குள் அமர்ந்திருப்பவரின் முதுகுக்கும் ஏற்றது.

தென்கிழக்கு இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் காரை ரயிலுக்குள் ஓட்டிச் சென்று நிறுத்தினால், 1994-இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியாக 35 நிமிடத்தில் பிரான்சின் கலே நகரை அடையலாம். அங்கிருந்து சாலையின் வலப்புறத்தில் செல்ல வேண்டும். இங்கிலாந்துக் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், முன்னால் செல்லும் லாரியை முந்துவதற்கு இடப்பக்கம் அமர்ந்திருப்பவரே எதிர்ச்சாலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுங்கச் சாவடியிலும் சீட்டை எடுப்பதும் கட்டணம் செலுத்துவதும் அவர் பொறுப்பே. இருவர் காரில் உண்மையிலேயே இருவருக்கும் வேலையுண்டு.

விரைவுச் சாலையைத் தவிர்த்துப் பழைய தேசிய நெடுஞ்சாலைகளில் சென்றால் ரேன்ஸ் நகரம் வருகிறது. நகருக்கு வெளியே க்யூ என்னும் சிற்றூரின் சாலையோரத்தில் பழைய பந்தயத் தடத்தின் பார்வையாளர் மேடைகளும் கார்கள் நிற்கும் கொட்டகைகளும் இன்றும் நிற்கின்றன. 1966 வரை பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயங்கள் பல அங்கே நடந்தன. தடம் என்று தனியே ஒன்றில்லை. ஊர்களை இணைக்கும் பொதுச் சாலையே பந்தய நாளில் தடமாயிற்று. இன்று அவ்வழியே டிராக்டர்களும் செல்கின்றன, நாமும் செல்லலாம்.

டிஜோன் நகரைக் கடந்து ஜூரா மலைத்தொடரில் ஏறினால், 1,300 மீட்டருக்குச் சற்று மேலான ஃபோசீய் கணவாய் வருகிறது. அதனைத் தாண்டிய வளைவுகளில் ஜெனீவா ஏரியும், வானம் தெளிந்த நாளில் அதற்கப்பால் மோன் பிளாங்க் சிகரமும் ஒருசேரத் தோன்றும்.

ஜெனீவாவிலிருந்து இத்தாலிக்குச் செல்ல நம் பாதை கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் வழியானது. உயரம் 2,469 மீட்டர். பனியில் சிக்கிய வழிப்போக்கரைக் காக்கத் துறவியர் பதினோராம் நூற்றாண்டில் நிறுவிய விடுதி அதன் உச்சியில் இருக்கிறது. புகழ்பெற்ற செயின்ட் பெர்னார்ட் நாய்களின் பெயர் இவ்விடத்தினின்றே வந்தது. 1964-இல் கீழே சுரங்கப் பாதை திறக்கப்பட்டதால் அவசரமுள்ளோர் அதில் செல்கின்றனர். மேலேயுள்ள பழைய சாலை கோடையில் மட்டுமே திறந்திருக்கும். கிளாசிக் கார்கள் விரும்புவது அதனையே.

மலை வைக்கும் தேர்வு

சமவெளியில் மறைந்திருக்கும் குறைகள் மலையில் வெளிப்படும். 2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே. இன்றைய கார்களில் கணினி இதனை உணர்ந்து எரிபொருளைக் குறைத்துக் கொள்கிறது. கார்புரேட்டர் அதனை அறியாது. அது வழக்கமான பெட்ரோலையே ஊட்ட, காற்றுக் குறைந்த எஞ்சின் திணறுகிறது. வலிமையில் ஏறத்தாழ கால் பங்கு மறைகிறது. மெதுவான ஏற்றத்தில் எதிர்க்காற்றும் குறைவதால் ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்குகிறது. வெப்பமானியின் முள்ளைப் பார்த்து, வேண்டுமிடத்தில் நிறுத்தி ஆறவிடுவதே வழி. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது ஆபத்து.

ஏற்றத்தை விட இறக்கமே கடினம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,750 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கார்லோ டொனெகானி என்னும் பொறியாளரின் திட்டப்படி 1820 முதல் 1825 வரையில் குதிரை வண்டிகளுக்காக அமைக்கப்பட்ட சாலை அது. போர்மியோ பக்கமாக ஏறி, பிராத்தோ பக்கமாக இறங்குவோர் 48 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறும். ஈரம் கலந்த பழைய பிரேக் திரவம் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கி, எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது மலை ஓட்டுநரின் பழைய விதி. புறப்படுமுன் பிரேக் திரவத்தை மாற்றிவிடுவது அதற்கும் முந்திய விதி.

சுவிட்சர்லாந்தின் மலைச் சாலைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகளைச் சந்திப்போம். மறைவான வளைவுக்கு முன் அவை எழுப்பும் மூன்று சுர ஊதல், ரோசினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுக்கப்பட்டது. அதனைக் கேட்டதும் ஒதுங்கி வழிவிட வேண்டும்; அஞ்சல் சாலைகளில் பேருந்து ஓட்டுநர் காட்டும் குறிப்பையே பிறர் பின்பற்ற வேண்டும். குறுகிய சாலையில் ஒத்த ஊர்திகள் எதிர்ப்பட்டால் இறங்குபவர் ஏறுபவருக்கு இடம் தர வேண்டும்.

வேகத்தின் விலை

பழைய கார்களைப் போற்றும் நாம் ஒன்றை மறைக்கலாகாது. அவற்றில் காற்றுப்பை இல்லை. சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பும் இல்லை. 240 கிலோமீட்டர் வேகம் என்பது அக்காலத்துப் பெருமை. இன்று அது நமக்குரிய இலக்கன்று.

1957-ஆம் ஆண்டு மில்லே மில்யாவில், பிரேஷாவை நெருங்கும் வேளையில், க்விதிட்சோலோ என்னும் ஊருக்கு அருகே அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் உடன் சென்றவரும், சாலையோரம் நின்றிருந்த ஒன்பது பேரும் உயிரிழந்தனர். அவ்வொன்பதின்மரில் ஐவர் குழந்தைகள். 1927-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் அத்துடன் முடிவுக்கு வந்தது. 1977-இல் அது மீண்டும் தொடங்கியபோது அதன் உள்ளமே மாறியிருந்தது. இப்போது முந்திச் செல்பவருக்கு வெற்றியில்லை. ஒவ்வொரு பகுதியையும் குறித்த நேரத்தில், விநாடி பிசகாமல் கடப்பவருக்கே வெற்றி. பழைய பந்தயத்தில் பங்கேற்ற கார் மாதிரிகளுக்கே அதில் இடமுண்டு. பிரேஷா நகரின் ஓரத்தில் பழைய துறவியர் மடம் ஒன்றில் இதற்கென அருங்காட்சியகமும் இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். தேய்மானமே இல்லாமல் புதிதுபோல் தோன்றும் டயர், பூட்டிய கொட்டகையிலேயே பத்தாண்டுகளைக் கடந்திருக்கலாம். பயணத்துக்கு முன் பார்க்க வேண்டிய முதல் எண் அதுவே. அதன்பின் மின்விசிறிப் பட்டை, ரேடியேட்டர் குழாய்கள், பிளக்குகள், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட், கண்டென்சர், ஃபியூஸ்கள், எஞ்சின் ஆயில், குடிநீருக்கு அப்பால் காருக்கென ஒரு குடம் நீர் ஆகியன உடனிருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் பெரும் விலையன்று. நடுவழியில் இவற்றுள் ஒன்று இல்லாததன் விலையே பெரிது.

நகர வாயில்களில்

பழைய காரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மற்றொரு கேள்வி, அதன் புகை. ஐரோப்பிய நகரங்கள் பல மாசு குறைந்த மண்டலங்களை அமைத்துள்ளன. அவற்றின் நோக்கத்தில் நியாயமுண்டு. நகரத்துக் குழந்தைகளின் மூச்சுக் காற்றை விடப் பெரிய பாரம்பரியம் எதுவுமில்லை. அதே வேளையில், ஆண்டுக்குச் சில நாள்களே ஓடும் வரலாற்று ஊர்திகளை அந்நாடுகள் தனியே கருதுகின்றன. ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் குன்றாத கார் 'எச்' எழுத்துப் பெற்ற எண் பலகையோடு இம்மண்டலங்களுக்குள் செல்லலாம். லண்டனில் நாற்பது ஆண்டு கடந்து, வரலாற்று ஊர்தி என்னும் வரிப் பிரிவில் பதிவான கார்களுக்கு மாசு மண்டலக் கட்டணம் இல்லை. 1966-இல் தொடங்கிய பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பும், முப்பது வயது நிரம்பி, மூல நிலையில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத ஊர்தியையே வரலாற்று ஊர்தி என வரையறுக்கிறது.

எரிபொருளிலும் கவனம் தேவை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. ஐந்து விழுக்காட்டுக்கு மிகாத 'சூப்பர்' வகை பம்பையே பழைய கார்கள் நாட வேண்டும். பிரான்சில் அது '98' என்னும் எண்ணுடன் இருக்கும்.

பயணச் செலவும் ஆவணங்களும்

இத்தகைய பயணத்துக்குக் கார் சொந்தமாக இருக்க வேண்டுமென்பதில்லை. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளில் கிளாசிக் கார்களை நாள் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் உள்ளன. ஒப்பந்தத்தில் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்: எல்லை கடக்க அனுமதி உண்டா, சேதம் நேர்ந்தால் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, வழியில் பழுதானால் காரையும் நம்மையும் மீட்டு வருவது யார் பொறுப்பு. பிணைத்தொகையாக உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு பெருந்தொகை முடக்கி வைக்கப்படும். அதற்கேற்ற வரம்பு கார்டில் இருக்க வேண்டும். ஆளில்லாப் பெட்ரோல் பம்புகளும் முதலில் ஒரு தொகையை முடக்கிவிட்டே எரிபொருள் தரும். கடைக் கருவியில் 'ரூபாயில் செலுத்துகிறீர்களா?' என்று கேட்டால், அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பே நிர்ணயிக்கும், அது பெரும்பாலும் நமக்கு இழப்பாகவே முடியும்.

நம் பாதையில் பவுண்டு, யூரோ, சுவிஸ் பிராங்க் என மூன்று நாணயங்கள் தேவை. சுவிட்சர்லாந்தின் விரைவுச் சாலைகளுக்கு ஆண்டுக் கட்டணம் 40 பிராங்க். ஒரு நாள் சென்றாலும் அதுவே. பிரான்சிலும் இத்தாலியிலும் தூரத்துக்கேற்பச் சுங்கம். இத்தாலிய நகரங்களின் பழைய நடுப்பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்தால் கேமரா பதிவு செய்யும்; அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியாக உங்கள் கார்டுக்கே வந்து சேரும்.

பிரிட்டனுக்கு ஒரு விசா, ஷெங்கன் நாடுகளுக்குத் தனியே ஒரு விசா. பின்னதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு ஓராண்டு செல்லும். இந்திய உரிமத்துடன் சேர்த்தே அதனை வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுச் செலவுக்குப் பெறலாம். அதற்குரிய விண்ணப்பத்தையும் வரிப் பிடித்த விவரத்தையும் உங்கள் கிளையில் முன்னரே கேட்டறிவது நலம்.

சொந்தமாகப் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு செய்தி. 2021-இல் நம் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளை 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண்ணில் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அவற்றை ஓட்ட இயலாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். காப்பீடு எடுக்கும்போது, தேய்மானம் கழித்த சந்தை விலைக்கு மாறாக, இரு தரப்பும் முன்னரே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆண்டுதோறும் அம்மதிப்பைப் புதுப்பிப்பதும் இன்றியமையாதது.

செல்வத்தைப் பேணுவது வேறு, அதனை அனுபவிப்பது வேறு என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். பழைய கார் இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறது. ஆண்டில் ஐம்பது வாரம் சிறு சிறு கவனிப்பு. இரண்டு வாரம் நெடுஞ்சாலை. அக்கவனிப்பு இல்லாமல் அச்சாலை இல்லை. அச்சாலை இல்லாமல் அக்கவனிப்புக்குப் பொருளும் இல்லை. அடுத்த தலைமுறையினர் ஸ்டெல்வியோவின் நாற்பத்தெட்டு வளைவுகளில் ஈ-டைப்பின் ஒலியைக் கேட்பார்களா, அன்றி அருங்காட்சியகத்தின் அமைதியில் அதன் பெயர்ப் பலகையை மட்டும் படிப்பார்களா என்பது, இன்று அதன் சாவியைக் கையில் வைத்திருப்போரைப் பொறுத்தது.